பள்ளி வாத்தியக் குழுவை நடத்த ஓர் இசைக்கலைஞர் எப்படித் தயாராக வேண்டும்

மதுரையில் ஒரு பள்ளியின் வாத்தியக் குழுவை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், இசைப் படிப்பை முடித்த இளைஞர்கள் இரண்டு மூன்று பேராவது தேடி வந்து, பள்ளியில் இசையாசிரியர் வேலைக்கு எப்படித் தயாராவது என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் வாத்தியத்தைத் தவிர வேறு எந்த வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கத் தெரியும்?" என்பதுதான். வர்ணம் கேட்பேன், ஆலாபனை கேட்பேன் என்று எண்ணி வந்தவர்கள் இதற்குச் சற்றுத் திகைத்துப் போகிறார்கள். கச்சேரிக்கு வாசிப்பவரின் காது பெரும்பாலும் தம் வாத்தியத்திலேயே இருக்கும். பள்ளியில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் வில்லை இழுக்கும்போது மூன்றாம் வரிசையில் எந்தத் தந்தி இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் காதுதான் சம்பளம் வாங்கித் தரும். அந்தக் காதை எந்தப் படிப்பில், எந்த அனுபவத்தில் சேர்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இது புதிய எதிர்பார்ப்பு அன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இசையாசிரியனுக்கு இலக்கணம் கூறும்போது, யாழ், குழல், தாளம், மிடறு (குரல்), தண்ணுமை என்னும் தோல்வாத்தியம், ஆடல் ஆகிய எல்லாவற்றோடும் பாடலை இசைவிக்கத் தெரிந்தவனாக அவனைக் காட்டுகிறது. அதே காதையில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின்னே முழவும் நின்ற வரிசை சொல்லப்படுகிறது. வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அடிகளை நிதானமாகப் படித்தபோது, முதல் ஆண்டில் மிருதங்கத்துக்கு முதலில் சுருதி சேர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு இழுத்துக்கொண்டு நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. சுருதியை எளிதில் மாற்ற முடியாத வாத்தியத்திலிருந்து தொடங்கி, மாற்றக்கூடியவற்றை அதன் பின்னே நிறுத்த வேண்டும் என்பது இன்றைக்கும் பொருந்தும் வரிசை.

படிப்பும் சான்றிதழும்

மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் வாசல் பசுமலையில் உள்ள அரசு இசைக்கல்லூரி. சென்னை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் உள்ள மற்ற அரசு இசைக்கல்லூரிகளைப் போல இதுவும் 2013-இல் தொடங்கப்பட்ட இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அங்குள்ள மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் மூன்றாண்டுப் படிப்பு நல்ல தொடக்கம். குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில் எல்லாம் ஒரே கட்டடத்தில் கற்பிக்கப்படுவதால், அடுத்த அறையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு. நான் படித்த காலத்தில் மிருதங்க வகுப்பின் வாசலில் உட்கார்ந்து கவனித்ததுதான் பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது. உங்கள் வகுப்பு முடிந்தவுடன் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

அரசுப் பள்ளி வேலையை மனத்தில் வைத்திருப்பவர்கள், அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் இந்திய இசைக்கான கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகளை எழுதி, தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழையும் பெற்றுவிடுவது நல்லது. சிறப்பாசிரியர் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017-இல் தேர்வு நடத்தியது. அதற்கு முன் 2012-இல், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் உடற்கல்வி, ஓவியம், இசை முதலிய பாடங்களுக்காக நியமிக்கப்பட்டார்கள். இத்தகைய வாய்ப்புகள் அடிக்கடி வருவதில்லை என்பதால், அறிவிப்பு வரும் நாளில் சான்றிதழ் கையில் இல்லாமல் தவிப்பதை விட முன்பே வாங்கி வைத்திருப்பதே புத்திசாலித்தனம். கேந்திரிய வித்யாலயாக்களில் தொடக்கப் பள்ளி இசையாசிரியர் பணிக்கு இசையில் இளநிலைப் பட்டம் கேட்கிறார்கள்.

ஆயினும், வாத்தியக் குழு என்று தனியாக ஒன்றை வைத்து நடத்துபவை பெரும்பாலும் தனியார் பள்ளிகளே. அங்கே நேர்முகத்தில் மேற்கத்திய இசைத் தேர்வுகளை நடத்தும் டிரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் என்னும் பிரிட்டிஷ் அமைப்புகளின் கிரேடு இருக்கிறதா என்பது கட்டாயம் கேட்கப்படும், ஏனென்றால் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அந்தத் தேர்வுகளுக்கு அனுப்ப விரும்புகிறார்கள். கர்நாடக இசையில் வளர்ந்தவர்களுக்கு என் யோசனை, எட்டாம் கிரேடு வரை ஓடாவிட்டாலும் ஐந்தாம் கிரேடு தியரியையாவது முறையாக முடித்துவிடுங்கள் என்பதே. ஏபிஆர்எஸ்எம் முறையில் அந்தத் தியரியையோ அதற்கு ஈடானதையோ முடிக்காமல் ஆறாம் கிரேடு செய்முறைக்குப் போக முடியாது என்பது ஒருபுறம் இருக்க, ஐந்து கோட்டு நொடேஷனைப் படிப்பது மட்டுமின்றி எழுதவும் தெரிந்தால்தான் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைக்கும் வயலின் பிள்ளைக்கும் ஒரே பாடலை வெவ்வேறு தாளில் எழுதிக் கொடுக்க முடியும். மேற்கத்திய இசையில் வளர்ந்தவர்களுக்கு இதே யோசனையைத் திருப்பிச் சொல்வேன்: ஸ்வரம் எழுதப் பழகுங்கள், ஆதி தாளத்தையும் ரூபகத்தையும் கையால் போட்டுக்கொண்டே பாடப் பழகுங்கள்.

மெல்லிசைக் குழுவில் கற்றது

கல்லூரியை முடித்த பின் ஆறு ஆண்டுகள் ஒரு மெல்லிசைக் குழுவில் வயலின் வாசித்தேன். பங்குனி, சித்திரை மாதங்களில் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் தொடர்ந்து திருவிழாக் கச்சேரிகள் இருக்கும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை வாசித்துவிட்டு வேனிலேயே தூங்கிய நாட்கள் அவை. வீட்டில் இதை யாரும் பெருமையாகப் பேசவில்லை. ஆனால் என் படிப்பில் எந்தப் பகுதி இன்றைய வேலைக்கு மிகுதியாகப் பயன்படுகிறது என்று கேட்டால், பட்டயத்தைச் சொல்வதற்கு முன் அந்த வேனைத்தான் சொல்வேன்.

பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால், பாட்டு தொடங்க அரை நிமிடம் இருக்கும்போது, "மாஸ்டர், ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்று கேட்பார். கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் நம் கணக்கு. கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்துவார். தபேலாக்காரர் வேறு தபேலாவை இழுப்பார். நான் மனத்துக்குள்ளேயே விரல்களை இடம் மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த வாத்தியத்துக்கு எது எளிது, எது கடினம் என்பதை இப்படித்தான் கற்றேன். விழா நோட்டீஸின் பின்பக்கத்தில் நான்கு வரியில் ஒரு பாட்டின் அமைப்பை எழுதிக்கொள்ளவும் அங்கேதான் பழகினேன்.

அன்றைய மதுரை மாவட்டத்திலும் இன்றைய தேனி மாவட்டத்திலும் அடங்கிய பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தம் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். சென்னைக்குப் போன பின்தான் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுத்தோடு கற்றார். 2025 மார்ச் 8-இல் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறிய பிறகு, தங்கள் பிள்ளைக்கும் அதைக் கற்றுத் தர முடியுமா என்று கேட்கும் பெற்றோர் எங்கள் பக்கத்தில் கூடியிருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வரிசையைத்தான் நினைவூட்டுகிறேன்: முதலில் பிறரோடு சேர்ந்து வாசித்த பழக்கம், பிறகு எழுத்து. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருபவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே சலித்துப்போகிறார்கள். மெல்லிசைக் குழுவிலிருந்து வந்த எனக்கும் அந்தக் குறை இருந்தது. எல்லாவற்றையும் காதால் பிடித்துப் பழகியதால், தாளில் எழுதித் தராமல் வாயால் சொல்லியே முதல் ஆண்டை ஓட்டினேன். நான் விடுப்பில் போன நாளில் பிள்ளைகளால் ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

சுருதி என்னும் பெரிய வேலை

இந்த வேலையில் எதிலே நேரம் போகிறது என்று கேட்டால் சுருதி சேர்ப்பதில்தான் என்று தயங்காமல் சொல்லலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது வயலின் என்றால் எண்பது தந்திகள். ஒரு தந்திக்குப் பத்து விநாடி என்று வைத்தாலும் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். பீரியடோ நாற்பத்தைந்து நிமிடம். ஆகவே வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நீங்கள் செய்ய வேண்டியது பாட்டுச் சொல்லித் தருவது அன்று. எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் காது நன்றாக உள்ள நான்கு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பீரியடுக்கு முந்தைய இடைவேளையில் எல்லா வயலின்களுக்கும் சுருதி சேர்த்து வைக்க அவர்களைப் பழக்குவதே. தந்தியை முறுக்கும் மர முளையான பிருடையைத் திருகத் தெரியாத சிறுவர்களின் வயலினில், நான்கு தந்திகளுக்கும் சுருதியைச் சிறிதுசிறிதாக மாற்ற உதவும் நுண்திருகு போட்டுவிட வேண்டும். பிருடை வழுக்கினால் சற்றுச் சாக்பீஸ், இறுகிக்கொண்டால் சற்று உலர்ந்த சோப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டை ஊறிப் பிருடை அசையாது. பங்குனி வெயிலில் தானாகவே கழன்று நிற்கும். மதுரையில் வருடம் முழுவதும் இந்த இரண்டில் ஒன்று நடந்துகொண்டே இருக்கும்.

எந்தச் சுருதியில் குழுவை நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. நம் கட்டைக் கணக்கும் கீபோர்டின் ஆங்கில எழுத்துக் கணக்கும் உங்களுக்கு ஒன்றாகவே தெரிய வேண்டும்: ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி; இடையிலுள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை. மேற்கத்திய முறையில் வயலினின் தந்திகள் ஜி, டி, ஏ, இ என்று கட்டப்படுகின்றன. நம் முறையில் அவை ச, ப, ச, ப. பள்ளியில் இரண்டு வகைப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஒரு சாரார் மேற்கத்திய கிரேடு தேர்வுக்குப் படிப்பார்கள், மறு சாரார் வீட்டருகே ஒரு மாமியிடம் கர்நாடக வயலின் கற்பார்கள். இவர்களை ஒன்றாக உட்கார வைக்க நான் கண்ட வழி ஐந்து கட்டை. ஐந்து கட்டையில் நம் முறைத் தந்திகள் ஜி, டி, ஜி, டி என்று அமைகின்றன. அதாவது கீழ் இரண்டு தந்திகள் இரு சாராருக்கும் ஒன்றே, மேல் இரண்டு மட்டும் கர்நாடகப் பிள்ளைகளுக்கு ஒரு முழு ஸ்வரம் இறங்கியிருக்கும். பெண் குழந்தைகளின் குரலுக்கும் ஐந்து கட்டை பொருந்தும். ஐந்து கட்டைப் புல்லாங்குழல் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். குரல் உடைந்த பையன்களுக்கு அது எட்டாது என்பது உண்மைதான், அவர்களை நான் தாளத்துக்கு அனுப்பிவிடுவேன்.

மிருதங்கத்தில் கவனம் வேண்டும். ஏறத்தாழ இருபத்திரண்டு அங்குல நீளமுள்ள, உயர்ந்த சுருதி மிருதங்கமே ஐந்து கட்டைக்கு ஒத்துவரும். இருபத்து நான்கு அங்குல மிருதங்கத்தை ஐந்துக்கு ஏற்ற முயன்றால் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், கிழிந்துவிடும். தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் ரவை அப்புவதையும் வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டி எடுப்பதையும் வயலின்காரராகிய நீங்களும் உங்கள் கையால் செய்து பழகியிருக்க வேண்டும், ஏனென்றால் நான்காம் வகுப்புப் பையனுக்கு அதைச் செய்து தர வேறு யாரும் வரப்போவதில்லை.

அளவும் உட்காரும் முறையும்

நான் வேலைக்குச் சேரும் முன், ஒரு பள்ளியில் சில மாதங்கள் பகுதிநேரமாகப் போய்வந்தேன். அங்கே நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு முழு அளவு வயலின்களை ஏற்கெனவே வாங்கி அடுக்கியிருந்தார்கள். வளர்ந்த பிறகும் பயன்படுமே என்பது நிர்வாகத்தின் கணக்கு. அந்தப் பிள்ளைகளின் நான்காம் விரல் தந்தியை எட்டவே இல்லை. வில்லின் நுனிவரை கை நீளவில்லை. வயலினில் கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் உண்டு. பொதுவாக ஏழு வயது வரை கால், ஒன்பது வரை அரை, பதினொன்று வரை முக்கால், அதன்பின் முழு அளவு என்று கொள்ளலாம். வயதை விடக் கையின் நீளமே சரியான அளவுகோல்: வயலினைத் தோளில் வைத்து இடக்கையை நீட்டச் செய்யுங்கள், முழங்கை சற்று மடிந்த நிலையில் உள்ளங்கை தலைச்சுருளைச் சுற்றிப் பிடிக்க முடிந்தால் அந்த அளவு பொருந்தும். வாங்கும் முன் நிர்வாகத்திடம் இதைச் சொல்ல உங்களுக்கு உரிமை வேண்டும். சேரும்போதே அதைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால், "முன்னமே சொல்லியிருக்கலாமே" என்பார்கள்.

தரையில் உட்கார்ந்து தலைச்சுருளைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பவர்களையும் நாற்காலியில் தோளில் வைத்து வாசிப்பவர்களையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். தரையில் இருப்பவர்களை மேடையின் முன்பக்கம் ஜமுக்காளத்தில் வரிசையாகவும், நாற்காலிக்காரர்களைப் பின்னாலும் வைத்தால் எல்லார் கண்ணும் உங்கள் கையைப் பார்க்கும். ஒரு முறையை மற்றொன்றாக மாற்ற முயல வேண்டாம் என்பது என் கருத்து. இதில் என்னோடு மாறுபடும் ஆசிரியர்கள் உண்டு.

எதை வாசிக்க வைப்பது

பள்ளி வாத்தியக் குழுவிடம் எல்லாரும் முதலில் எதிர்பார்ப்பது தமிழ்த்தாய் வாழ்த்தும் நாட்டுப்பண்ணும்தான். 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்து, மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாடப்பட வேண்டும் என்றும், ஒலிப்பதிவை ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்றும் அரசாணை கூறுகிறது. ஆகவே எங்கள் குழுவில் அதற்குச் சுருதி மட்டும் தருகிறோம், பிள்ளைகள் பாடுகிறார்கள். நாட்டுப்பண்ணின் முழு வடிவத்துக்கு ஏறத்தாழ 52 விநாடிகள். இரண்டையும் கடிகாரம் வைத்துப் பழக்கினால், வேகமாக ஓடும் பிள்ளைகளின் பழக்கம் தானாகவே அடங்குகிறது.

கற்பிக்கத் தொடங்கும் ராகமாக மாயாமாளவகௌளையைத்தான் நம் குருமார்கள் சொல்வார்கள்; தனியாகக் கற்பவருக்கு அதில் எனக்கு மறுப்பில்லை. குழுவுக்கோ மோகனத்தில் தொடங்குங்கள். காரணம் விரல்களில் இருக்கிறது. கீழ்ச் சட்ஜத் தந்தியில் வெறும் தந்தி ச, முதல் விரல் ரி, இரண்டாம் விரல் க. அடுத்த தந்தியில் வெறும் தந்தி ப, முதல் விரல் த. அதற்கடுத்த வெறும் தந்தியே மேல் ச. கர்நாடக முறையில் தந்தி கட்டிய பிள்ளை இரண்டே விரல்களைக் கொண்டு ஒரு ராகத்தின் ஆரோகணத்தை முழுவதும் வாசித்துவிடுகிறது. மேற்கத்திய முறைப் பிள்ளைக்கு மேல் ச-வுக்கு மட்டும் டி தந்தியில் மூன்றாம் விரல் வேண்டும். விஜயதசமியன்று சேர்ந்த பிள்ளை, கார்த்திகைக்குள் மற்றவர்களோடு உட்கார்ந்து ஒரு வரி வாசித்துவிட்டால் அது இசையை விட்டுப் போவதில்லை. அந்த முதல் வரிக்காகத்தான் இத்தனை கணக்கும்.

அடுத்த படிக்கு முத்துசாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரங்களை விடச் சிறந்ததை நான் காணவில்லை. கும்பினிக்காரர்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அவர் அமைத்த இந்தச் சிறு பாடல்கள் ஏறத்தாழ நாற்பது உள்ளன. அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் மேற்கத்திய வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இவற்றுள் 'ஸ்யாமளே மீனாக்ஷி' என்பது, மழலையர் வகுப்பில் நட்சத்திரத்தைப் பற்றிப் பாடும் ஆங்கிலப் பாட்டின் மெட்டே. அதை முதன்முதலாக வாசித்துக் காட்டியபோது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "சார், இது எல்கேஜி பாட்டு!" என்று சிரித்தாள், வரிகளைப் பாடிக் காட்டியதும், நம் ஊர் மீனாட்சியின் பெயர் அதில் வருவதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வயலின், கீபோர்டு, குழல், கிடார் எல்லாம் இந்த மெட்டுகளில் சிரமமின்றிச் சேர்கின்றன. அதன்பின், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்து, அவருடைய சீடர் மதுரை மணி ஐயர் மேடைதோறும் பாடிப் புகழ்பெறச் செய்த இங்கிலீஷ் நோட்டுக்குப் போகலாம். ஆண்டு விழாவில் முதியவர்கள் கைதட்டுவது அதற்குத்தான்.

நொட்டுஸ்வரங்கள் பொருந்துவதற்குக் காரணம், அவற்றுக்குக் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, வேண்டியதில்லை என்பதே. தனி வயலினில் அழகாக ஒலிக்கும் ஓர் அசைவை இருபது பேர் இருபது விதமாக அசைத்தால் கேட்பவர்களுக்கு அது அபஸ்வரமாகத்தான் ஒலிக்கும். ஆகவே தோடியையும் சஹானாவையும் உங்கள் சாதகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு எழுதும்போது நேர் ஸ்வரமாக நிற்கும் இடங்களை எல்லாருக்கும், அசைவு வேண்டிய இடங்களை ஒரே ஒரு மூத்த மாணவருக்கும் பிரித்து எழுதுங்கள். நீண்ட காலம் தனி வாசிப்பில் பயின்றவர்களுக்கு இது மனத்துக்கு உவப்பாக இருக்காது என்பதை அறிவேன்.

நேர்முகத் தேர்வும் முதல் மேடையும்

நேர்முகத்தில் டெமோ கேட்கும்போது பலரும் தங்கள் திறமையைக் காட்ட விரைவுக் காலத்தில் ஏதாவது வாசிக்கிறார்கள். முதல்வருக்கு அதில் குறை காணவும் தெரியாது, நிறை காணவும் தெரியாது. அதற்குப் பதிலாக, "ஆறு பிள்ளைகளைத் தாருங்கள், இருபது நிமிடம் போதும்" என்று கேளுங்கள். ஆறு பேரையும் ஒரே ஒரு ஸ்வரத்தை ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிறுத்த வைத்துக் காட்டுங்கள். எனக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். சம்பளம் பற்றிப் பேசும்போது, மாலை வகுப்புகளுக்கும் ஆண்டு விழா ஒத்திகைகளுக்கும் தனியாக என்ன தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தனி வகுப்பு நடத்த அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

முதல் ஆண்டு விழாவில் எனக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஒத்திகையில் திரைப்படப் பாடல் ஒன்றுக்காகக் கீபோர்டின் டிரான்ஸ்போஸை, அதாவது அதே கட்டைகளை அழுத்தினாலும் சுருதியை மாற்றித் தரும் அமைப்பை, இரண்டு படி ஏற்றி வைத்திருந்தோம். விழா அன்று இறைவணக்கம்தான் முதலில். வயலின்கள் ஐந்து கட்டையில் தொடங்கின. கீபோர்டு ஆறு கட்டையில் தொடங்கியது. தலைமை விருந்தினர் முகம் சுளித்ததை இன்றும் மறக்கவில்லை. வாசித்த பெண்ணுக்குத் தான் சரியான கட்டைகளைத்தான் அழுத்துகிறோம் என்று உறுதி, ஆகவே மேலும் அழுத்தி வாசித்தாள். நான் போய் ஒலியைக் குறைத்துவிட்டு, சைகையால் அவளைப் பாட மட்டும் சொன்னேன். தவறு அவளுடையது அன்று, சரிபார்க்காத என்னுடையது. அன்றிலிருந்து ஒவ்வொரு உருப்படிக்கும் முன் கீபோர்டு வாசிப்பவர் திரையில் தெரியும் எண்ணை வாய்விட்டுப் படிப்பது எங்கள் குழுவின் வழக்கமாகிவிட்டது: "டிரான்ஸ்போஸ் பூஜ்யம், சார்." இன்னொரு வழக்கமும் அப்போது வந்தது. குளிர்சாதன அறையில் சுருதி சேர்த்துவிட்டு, திறந்தவெளி மேடையின் விளக்குச் சூட்டுக்குப் பிள்ளைகளை நேராகக் கொண்டுபோனால் தந்தி இறங்கிவிடும். கால் மணி நேரம் முன்னதாகவே வாத்தியங்களை மேடைக்கு அருகே கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேதான் கடைசிச் சுருதி பார்க்கிறோம்.

பிள்ளைகளைச் சேர்ப்பதில் என் அனுபவம் ஒன்று உண்டு. நையாண்டி மேளக்காரர்கள், தவில்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களாக வந்து பெயர் கொடுக்க மாட்டார்கள். போய்க் கேளுங்கள். தாளம் அவர்களுக்கு வீட்டிலேயே வந்திருக்கும். அப்படி ஒரு பையனைத் தாளக் கோஷ்டியின் நடுவில் உட்கார வைத்த ஆண்டில்தான் எங்கள் குழு முதன்முறையாக வேகம் மாறாமல் ஒரு பாட்டை முடித்தது. அரசுப் பள்ளியில் இருப்பவர்கள் 2022-23 முதல் நடந்துவரும் கலைத் திருவிழாவுக்கு இந்தப் பிள்ளைகளை அனுப்புங்கள்.

ஏப்ரலில் தேர்வு முடிந்து பள்ளி மூடும் முன் ஒரு நாளை வாத்தியங்களுக்கென்று ஒதுக்க வேண்டும். வில்லின் மயிரை முழுவதும் தளர்த்துங்கள். தந்திகளை அரைச் ஸ்வரம் இறக்கி வையுங்கள், முற்றிலும் கழற்றிவிட்டால் உள்ளே நிற்கும் ஒலிக்குச்சி சாய்ந்துவிடும். தந்திகளைத் தாங்கும் குதிரை நேராக நிற்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள், தந்தியிலும் பலகையிலும் படிந்த ரோசின் பொடியை உலர்ந்த துணியால் துடையுங்கள். வயலினை ஒட்டுவது விலங்குப் பசையால். மதுரைக் கத்தரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழேயோ காரிலோ பெட்டி கிடந்தால் பசை இளகி விரற்பலகை கையோடு வந்துவிடும். ஆகவே மேல்மாடி ஸ்டோர் ரூமைத் தருகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், தரைத்தளத்தில் வெயில் படாத ஓர் அறையையும் ஒரு மர அலமாரியையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பிள்ளையின் பெயர், வகுப்பு, வயலினின் அளவு ஆகியவற்றை எழுதிய சீட்டை ஒட்டி, சாவியில் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.